எலிக்கு மருந்து

கரிசல் சீமையில் மருந்து என்னும் சொல்லுக்குப் பொருள் பல உண்டு. பருத்தியில் புழு விழுந்தால் தெளிப்பது மருந்து. தீக்குச்சியின் தலையில் தோய்த்து உலர்த்துவதும் மருந்துதான். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளில் அச்சொல் நாள்தோறும் அந்தப் பொருளிலேயே வழங்குகிறது. கடையில் போய் எலி மருந்து கேட்டால் நஞ்சுப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். எந்த எலிக்கு என்ன நோய் என்று யாரும் விசாரிப்பதில்லை. இத்தகைய மண்ணில், நோயுற்ற கினிப்பன்றி ஒன்றுக்கு ஒரு வீட்டார் காலையும் மாலையும் அளந்து மருந்து புகட்டுகிறார்கள் என்றால், கேட்பவர் முகத்தில் முதலில் தோன்றுவது நகைப்பு. அதைத் தொடர்ந்து வருவது கண்டனம். நகைப்பும் சரியன்று, கண்டனமும் சரியன்று என்பதே என் வழக்கு.

நகைப்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. கோடையில் வாய்பிளந்து கிடக்கும் கரிசல் வெடிப்புகளிலும் வரப்புகளிலும் வளை தோண்டி, கம்பையும் சோளத்தையும் கதிரோடு கடித்திழுத்துச் சென்று பதுக்கும் எலியோடு தலைமுறை தலைமுறையாகப் போராடியவர்கள் அவர்கள். அந்தப் பகையில் நியாயம் உண்டு. ஆனால் வயலெலி தன் இரையைத் தானே தேடிக்கொள்கிறது; வெயில் ஏறினால் வளைக்குள் ஆழமாக இறங்கிக்கொள்கிறது. கூண்டில் இருப்பதன் நிலை அதுவன்று. பெயரில் பன்றி இருப்பினும் கினிப்பன்றி எலியைப் போலக் கொறித்து வாழும் விலங்கே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில் மனிதர் பழக்கி வளர்த்த அது, தன் கால்களால் நடந்து கோவில்பட்டிக்கு வரவில்லை. விலை கொடுத்து வாங்கி வந்தவர்கள் நாம். குழந்தையின் கையில் கொடுத்து மகிழ்ந்தவர்களும் நாம். தண்ணீர், நிழல், இரை, நோய் என எல்லாவற்றிலும் நம் கையை எதிர்பார்க்கும் நிலையில் அதை வைத்துவிட்டோம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு ஆவன செய்வது கடமை என்கிறது. அச்சட்டத்தின் கண்ணில் மாடும் விலங்கு, எலியும் விலங்கு.

இனிக் கண்டனத்துக்கு வருவோம். மனிதனுக்கே மருந்து கிட்டாத ஊரில் எலிக்கு மருந்தா என்பது கேள்வி. நம்மவருள் சிலர் இதற்கு மறைக்கல்வி நூலையே சான்று காட்டுவர். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் எண்ணில், மனிதத் துயர் துடைக்க முதன்மையாகச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது எனக் கற்பிக்கிறது. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதே எண்ணின் தொடக்கம், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகச் செய்வதும் மனித மாண்புக்கே முரணானது என்கிறது. அதற்கு இரண்டு எண்கள் முன்னே, அவை கடவுளின் படைப்புகள் என்றும், அவற்றுக்கு இரக்கம் காட்ட நாம் கடன்பட்டவர்கள் என்றும் கூறி, அசிசி பிரான்சிசையும் பிலிப்பு நேரியையும் நினைவூட்டுகிறது. மற்றவற்றையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை மட்டும் உரக்கப் படிப்பது என்ன மறைக்கல்வி?

ஏழைகளின் பெயரால் எழும் இக்கேள்விக்கு நற்செய்தியிலேயே ஒரு முன்னோடி உண்டு. பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது, அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர் யூதாசு. இக்கேள்வியைக் கேட்போர் எல்லாரும் யூதாசுகள் என்று கூற நான் துணியவில்லை. திருவிழா வாணவேடிக்கையில் கரியாகும் பணத்தைக் கண்டு எழாத கேள்வி, சில மில்லி மருந்தைக் கண்டதும் ஏன் எழுகிறது என்று மட்டும் கேட்கிறேன்.

மேலும், வளர்ப்பு உயிரின்மீது அன்பு என்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணுவதே பிழை. தாவீது அரசனின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே உரைக்க வந்த நாத்தான் இறைவாக்கினர் சொன்ன கதையில், ஆட்டுக்குட்டியைத் தன் மடியில் கிடத்தித் தன் கிண்ணத்திலிருந்தே குடிக்கச் செய்தவன் ஏழை. அதைப் பிடுங்கி விருந்து சமைத்தவனே செல்வன். கரிசல் காட்டில் கன்னி ஆடும் கொடி ஆடும் வளர்ப்பவர் வீட்டில் ஓர் ஆடு படுத்துவிட்டால் அன்றிரவு யார் உறங்குகிறார்கள்? கசாயம் காய்ச்சி, ஆறவைத்து, மூங்கில் குழாயில் ஊற்றி, ஆட்டின் தாடையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டும் மூதாட்டிக்கு மறைக்கல்வி எண்கள் தெரியாது. ஆடு பணமாகும், எலி என்ன ஆகும் என்பார்கள். தோபியாவோடு வழி நெடுகிலும் நடந்துபோன நாயால் யாருக்கு என்ன வருமானம் வந்தது? இருந்தும் தோபித்து நூல் அதை மறக்காமல் குறித்து வைத்திருக்கிறது.

புனித மார்ட்டின் தெ போரசை இங்கே அழைக்காமல் இருக்க முடியவில்லை. பெரு நாட்டின் லீமா நகரில் 1579 முதல் 1639 வரை வாழ்ந்தவர். கறுப்பினத் தாய்க்குப் பிறந்ததால் இழிவு பல சுமந்தவர். தொமினிக்கன் மடத்தின் நோயாளர் அறையில் பணிபுரிந்த துறவறச் சகோதரர். மடத்துத் துணிகளைக் கடித்து நாசமாக்கிய எலிகளுக்கு நஞ்சு வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அவற்றைத் தோட்டத்துக்குப் போகச் சொல்லி அங்கே தானே உணவு வைத்தார் என்பது மரபு. காயம்பட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் தம் சகோதரியின் வீட்டிலேயே இடம் தேடியவர் அவர். ஆகையால்தான் அவர் படத்தில் இன்றும் காலடியில் எலி நிற்கிறது. இவ்வாறு செய்தவர் ஏழைகளை மறந்தாரா? லீமாவின் நோயாளிகளுக்கும் அடிமைகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் இரவு பகல் உழைத்தவர் அதே மனிதர். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அவரைப் புனிதர் என அறிவித்தார். இரக்கம் என்பது ஒருபக்கம் அள்ளினால் மறுபக்கம் குறைந்துபோகும் குதிர்த் தானியம் என்று அவர் கருதவில்லை.

இன்னொரு வாதம் உண்டு, முன்னதைவிடக் கொடியது. மருந்துக்கும் மருத்துவருக்கும் ஆகும் செலவில் வேறொன்று வாங்கிவிடலாமே என்பது. ஒன்று போனால் இன்னொன்று என்னும் இக்கணக்கு இந்தச் சீமைக்குப் புதிதன்று. சிறுவர் விரல்களை நம்பித் தீப்பெட்டித் தொழில் நடந்த காலத்தில் இதே கணக்கை நம் ஊர்கள் பார்த்திருக்கின்றன. 1996 டிசம்பர் 10ஆம் நாள், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பலருக்கு அந்தக் கணக்கு உறைத்தது. குழந்தையும் கினிப்பன்றியும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அது. ஆயினும், கையில் நடுங்கிக்கொண்டிருக்கும் உயிரைப் பார்த்து, இதைப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்று தந்தை சொல்லக் கேட்கும் மகள் ஒரு பாடம் படிக்கிறாள். அவள் அதைக் கூண்டுக்குள் மட்டுமே பயன்படுத்துவாள் என்பதற்கு என்ன உறுதி?

மருந்து கொடுக்காதவரைச் சொல்லியாயிற்று. கொடுப்பவருள் ஒரு சாராரைப் பற்றி எனக்கு இன்னும் அச்சம். வீட்டுக் குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய சிரப் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. அதில் நாலு சொட்டு விட்டால் போதும் என்று விடுகிறார்கள். அந்த நாலு சொட்டு உயிரைக் குடித்துவிடும்.

பென்சிலினின் கதையே இதற்குச் சான்று. 1940 மே 25ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியின் குழுவினர் எட்டுச் சுண்டெலிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பென்சிலின் கொடுத்தனர். மருந்து பெறாத நான்கும் விடிவதற்குள் மாண்டன. மனித குலத்தில் எத்தனை கோடி உயிர்களைக் காத்த மருந்து அது! 1943இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே மருந்தைக் கினிப்பன்றிக்குக் கொடுத்தபோது அது நஞ்சாயிற்று. ஆக்ஸ்போர்டில் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியைத் தேர்ந்திருந்தால் பென்சிலின் அன்றே கைவிடப்பட்டிருக்கக்கூடும். காரணம் பின்னர் விளங்கியது. புல்லைச் செரிக்க அதன் பெருங்குடற்பையில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அம்மருந்து அழித்துவிட, அடங்கிக் கிடந்த தீய கிருமி பெருகி நஞ்சு கக்குகிறது. சில நாள்களில் கழிச்சல் கண்டு உயிர் போகிறது. நம் வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் அமாக்சிசிலின் இந்த வகையைச் சேர்ந்ததே. ஹாம்ஸ்டருக்கும் அது ஆகாது. கொறிக்கும் விலங்குகளுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. தவறாக உள்ளே போனது வெளியே வர வழியில்லை.

ஆகவே கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். இங்குள்ள மருத்துவர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகியவராக இருக்கலாம். அவருக்கும் ஐயம் எழுந்தால், 2012இல் தொடங்கிய திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இராமையன்பட்டியில் இருக்கிறது. போகுமுன் எடை பார்த்துக்கொள்வது நல்லது. வளர்ந்த கினிப்பன்றி முக்கால் கிலோ முதல் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். சுண்டெலியோ 20 முதல் 40 கிராம்தான். இவ்வளவு சிறிய உடலில் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் பெரிது. கண் மதிப்பு இங்கே உதவாது.

மருந்தைத் தண்ணீர்ப் புட்டியில் கலந்து வைப்பது சோம்பேறிகளின் வழி. நோயுற்ற உயிர் தண்ணீரே குறைவாகக் குடிக்கும். கசந்தால் அதையும் விட்டுவிடும். ஊசியைக் கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, துண்டில் சுற்றி மடியில் அமர்த்தி, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளி வழியே பக்கவாட்டில் நுழைத்து, துளி துளியாக, அது விழுங்க விழுங்க விடவேண்டும். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். ஆட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டிய கைகளுக்கு இது புதிய வித்தை அன்று, அளவுதான் சிறிது.

குணமாகி வரும் நாள்களே உண்மையில் கடினமானவை. பிற விலங்குக்கு இரையாகும் உயிர்கள் நோயை மறைக்கும் இயல்புடையன. வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். சற்றே தெளிந்ததும் நலமானதுபோல் ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்டு மூன்றாம் நாளே மருந்தை நிறுத்துபவர் பலர். மருத்துவர் குறித்த நாள்வரை கொடுக்கவேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில் நிறுத்துப் பார்த்து எழுதிவைத்தால், கண் ஏமாந்தாலும் தராசு ஏமாறாது. கினிப்பன்றி ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டால் குடலே நின்றுபோகும்; தீவனத்தைக் குழைத்துச் சிரிஞ்சில் ஊட்டியாகவேண்டும். அதன் உடல் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. நார்வே நாட்டு ஹோல்ஸ்டும் ஃபுரோலிக்கும் 1907இல் அதன் உடலில்தான் கடலோடிகளின் ஈறுநோயான ஸ்கர்வியை வரவழைத்துக் கண்டார்கள். இந்தக் குறையில் மனிதனும் அதுவும் உடன்பிறப்புகள். கொய்யாத் துண்டும் நெல்லிக்காய்ச் சீவலும் அதற்கு அந்நாள்களில் உணவுக்கு உணவு, மருந்துக்கு மருந்து. பாசத்தோடு கடலைமிட்டாயை உடைத்துக் கூண்டுக்குள் போடும் அன்பர்கள் தயவுசெய்து அதைத் தாமே உண்பார்களாக. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது மனிதர் நாவுக்காக. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின்கீழ்க் கூண்டை வைத்துவிட்டு மருந்து கொடுப்பதிலும் பொருளில்லை.

விற்பவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. நடுவண் அரசு 2018இல் வெளியிட்ட செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெறவேண்டும். விற்பனைக்கு வைத்திருக்கும் உயிர்களுக்கு மருத்துவக் கவனிப்பும் தரவேண்டும். சந்தையோரத்தில் கூடையில் அடைத்துக் கினிப்பன்றி விற்பவரிடம் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்க வாங்குவோருக்கு உரிமை உண்டு. அதோடு, ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடச் சொல்லவும் நாம் தயங்கவேண்டியதில்லை: நோய் கண்டால் வீட்டுச் சிரப்பைக் கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்று தமிழில், பெரிய எழுத்தில்.