வீட்டுத் தோட்டம்: கெபியருகே நட லைலாக்கா, ஹைட்ராஞ்சியாவா?

கனடாவில் குடியேறியுள்ள நம் குடும்பத்தினர் சிலர், வீட்டின் முன்னே சிறு கெபி அமைத்து, அதனருகே பூஞ்செடி வைக்க விரும்புகின்றனர். மல்லிகையும் செம்பருத்தியும் அந்நாட்டுத் திறந்தவெளியில் குளிர்காலத்தைத் தாங்கா. உறைநிலைக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் குளிரையும் பொறுப்பவை லைலாக்கும் கூம்புக்கொத்து ஹைட்ராஞ்சியாவும்.

கொடைக்கானலில் நீலப் பந்துகளாய்ப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவை நினைத்து அங்கே செடி வாங்குதல் வேண்டா. அவ்வினத்தின் மொட்டுகள் பெரும்பாலும் சென்ற ஆண்டின் தண்டில் உருவாகின்றன. கடுங்குளிரில் அவை கருகிவிட, இலை மட்டுமே தழைக்கும். கூம்புக்கொத்து இனமோ இளவேனிலில் எழும் புதுத் தளிரில் மொட்டு வைப்பது. ஆகவே முந்திய குளிர் எத்துணைக் கடுமையாயினும் அது பூக்கத் தவறுவதில்லை. மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவான ஆகஸ்டு 15 அன்று வெண்கொத்துகள் நிறைந்திருக்கும். பின்னர் மெல்ல இளஞ்சிவப்பாகும்.

லைலாக்கின் பெருமை அதன் மணம். தென் ஒன்டாரியோவில் அது பூப்பது அன்னையின் வணக்க மாதமாகிய மே மாதத்தில். ஏறத்தாழ இரண்டு வாரமே நிற்கும். ஆயினும் அந்த இரண்டு வாரத்திற்காகவே ஹாமில்டன் நகரின் அரச தாவரவியல் பூங்காவிற்கு மக்கள் திரள்கின்றனர்.

கத்தரிப்பதில்தான் கவனம் வேண்டும். லைலாக்கின் மொட்டுகள் கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுதும் கிளை நுனியில் உறங்குபவை. இலையுதிர் காலத்தில் செடியை ஒழுங்குசெய்வதாக எண்ணி நுனிகளை வெட்டுவோர், வரும் மே மாதப் பூவையே வெட்டுகின்றனர். பூ வாடியவுடன் கத்தரிப்பதே முறை. ஹைட்ராஞ்சியாவை, குளிர் தணியும் வேளையில், தளிர் விடுமுன் கத்தரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வெட்டலாகாது.

லைலாக்குக்கு நாள்தோறும் 6 மணி நேர வெயிலும், நீர் தேங்காத மண்ணும் தேவை. ஹைட்ராஞ்சியா சிறிது நிழலைப் பொறுக்கும், வறட்சியைப் பொறாது.

இடம் ஒன்றே எனில், யான் லைலாக்கையே நடச் சொல்வேன். நன்றாய்ப் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பது உண்மை. ஆனால் பல தலைமுறை நிற்கும் செடி அது. மூன்று, நான்கு மீட்டர் வளர்வதால், கெபிக்குப் பின்புறம் இரண்டு மீட்டர் தள்ளி நடுக. முன்னே நட்டால் சுரூபம் மறைந்துவிடும். பக்கத்தில் முளைக்கும் கன்றுகளை அவ்வப்போது களைந்துவிடுக. ஹைட்ராஞ்சியாவை நடுவோர் வீட்டில் தவழும் குழந்தை இருப்பின், அதன் இலையும் பூவும் வாய்க்கு எட்டாதவாறு வேலியிடுதல் நன்று. அவற்றில் நஞ்சு உண்டு.