ஊமைப்படமும் ஒரு பாட்டியும்

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் கரையோரக் கிராமங்களுள் ஒன்றில், சில காலத்திற்கு முன், ஒரு மாலைப் பொழுதில், மண்டபத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படமொன்று காட்டினார்கள். சார்லி சாப்ளினின் ‘சிற்றி லைற்ஸ்’. ‘நகர விளக்குகள்’ என்று தமிழில் சொல்லலாம். கரைவலை இழுத்துக் களைத்த ஆடவரும், பெண்களும், பள்ளிச் சிறாருமாக மண்டபம் நிறைந்திருந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய படம். வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாத படம். இதனை இவர்கள் எத்தனை நிமிடம் பொறுத்திருப்பார்களோ என்ற ஐயத்துடனேயே நான் பின்வரிசையில் அமர்ந்தேன்.

ஐயம் முதற் காட்சியிலேயே தீர்ந்தது. நகரில் ஒரு சிலைத் திறப்பு விழா. பெரிய மனிதரொருவர் சொற்பொழிவாற்றுகிறார். அவர் வாயிலிருந்து வருவது சொல்லன்று. ஊதுகுழலின் கீச்சுக் குரல். திரை விலகுகிறது, சிலையின் மடியிலே நாடோடி ஒருவன் உறங்கிக் கொண்டிருக்கிறான். மண்டபம் அதிர்ந்தது. மேடைப் பேச்சுக்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய எம் மக்களுக்கு அந்தக் கீச்சொலிக்குப் பொழிப்புரை வேண்டியிருக்கவில்லை.

இப்படம் 1931 ஜனவரி 30ஆம் திகதி அமெரிக்காவில் முதன்முதல் திரையிடப்பட்டது. தமிழின் முதற் பேசும்படமெனப்படும் ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் அதே ஆண்டு, ஒக்டோபர் 31ஆம் திகதி. அதிலே நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழிற் பேச, நாயகன் தெலுங்கிற் பேசினான். பேசும் வல்லமை வந்ததும் எந்த மொழியிற் பேசுவது என்ற வினாவும் உடன் வந்துவிட்டது. உலகெங்கும் படங்கள் பேசத் தொடங்கிய அந்நாளில் சாப்ளின் பேச மறுத்தார். இசையைத் தாமே அமைத்துச் சேர்த்தார், உரையாடலைச் சேர்க்கவில்லை. நாடோடி ஆங்கிலம் பேசினால் அன்றே அவன் ஒரு நாட்டவனாகிவிடுவான். பேசாதிருக்கும் வரை அவன் எல்லா நாட்டவன்.

ஆனால், பேசாதிருத்தல் எளிதான காரியமன்று. கதைப்படி, பூ விற்கும் குருட்டுப் பெண்ணொருத்தி இந்தப் பரதேசியைச் செல்வந்தனென்று நம்ப வேண்டும். பார்வையில்லாதவளுக்கு அந்த நம்பிக்கை எப்படி வரும்? இந்த ஒரு காட்சிக்காகச் சாப்ளின் நூற்றுக்கணக்கான தடவைகள் படம்பிடித்தார். விடை காணாது படப்பிடிப்பையே நிறுத்தியும் வைத்தார். கடைசியிற் கிட்டிய விடை ஒரு மோட்டார் வண்டியின் கதவு. நெரிசலான வீதியில் பொலிஸ்காரனைத் தவிர்க்க எண்ணிய நாடோடி, நின்றிருந்த ஆடம்பர வண்டியொன்றின் ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்குகிறான். கதவு சாத்தும் ஓசை பெண்ணின் காதில் விழுகிறது. வண்டியில் வந்த கனவானென்று எண்ணிப் பூவை நீட்டுகிறாள். மீதிச் சில்லறை கொடுக்குமுன் வண்டிக்குரியவன் வந்தேறிப் போய்விடுகிறான்; மீதி வாங்காமலே போன தாராள மனத்தனென்று அவள் நினைத்துக்கொள்கிறாள். உண்மையறிந்த நாடோடி கால்விரல் நுனியில் ஓசையின்றி விலகுகிறான். அந்தக் கதவின் ஒலி படத்திலே இல்லை. ஆயினும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதனைக் கேட்டார்கள்.

இதே கதையைத் தழுவி 1954இல் ஜெமினியார் ‘ராஜி என் கண்மணி’ என்று தமிழிலே எடுத்தனர். அங்கே பேச்சும் பாட்டும் உண்டு. எனினும், சொல்லால் விளக்கிய துயரம் காதோடு நிற்க, சொல்லாத துயரம் நெஞ்சுவரை இறங்குவதை இரண்டையும் பார்த்தவர் உணர்வர்.

குத்துச்சண்டை மேடையிலே நாடோடி நடுவரின் முதுகுக்குப் பின் ஒளிந்து ஆடியபோது, எனக்கு முன்னிருந்த ஒரு பாட்டியும் அவரது பேரனும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பின்னர் இறுதிக் காட்சி. நாடோடி தேடித் தந்த பணத்தாற் கண்பெற்ற பெண், சிறையிலிருந்து மீண்ட கந்தலுடையானை யாரென்றறியாது நகைக்கிறாள். இரங்கி ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்கிறாள். காசை வைக்கப் பற்றிய கையின் தொடுகையிலே அவனை இனங்காண்கிறாள். சகுந்தலைக்கு ஒரு மோதிரம் வேண்டியிருந்தது. இவளுக்கு விரல்களே போதுமாயிருந்தன. பாட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரன் அசையாதிருந்தான்.

“பார்த்தீர்களா, மாஸ்டர்! மனிதருக்கு மொழியே தேவையில்லை” என்றார் என்னருகிலிருந்த நண்பர். நானும் ஆமென்று தலையசைத்திருப்பேன், அதற்குப் பின் நடந்ததைக் காணாவிடில்.

விளக்கெரிந்ததும் பாட்டி பேரனிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். தம் வாழ்விற் கண்ட யாரையோ அப்படம் நினைவூட்டியிருக்க வேண்டும். அவர் பேசியது இக்கரையின் பழந்தமிழ். பையன் சிங்களத்திற் படிப்பவன். அவன் புன்னகைத்தான், தலையசைத்தான், விளங்கவில்லை. இரண்டொரு வாக்கியத்தோடு பாட்டி நிறுத்திக்கொண்டார். இக்கரையின் பல வீடுகளில் சில தலைமுறைகளுக்குள் நேர்ந்த மாற்றம் இது. சிங்களம் கற்றது குறையன்று. இரு மொழி அறிந்தவன் இரு கண்ணுடையவன். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிட நேர்ந்ததே குறை.

சாப்ளினின் மௌனம் வல்லவன் ஒருவன் விரும்பி மேற்கொண்ட விரதம். பாட்டியின் மௌனம் அத்தகையதன்று. முன்னதைக் காட்டிப் பின்னதற்குச் சமாதானம் சொல்லலாகாது. ஒன்றாகச் சிரிக்க மொழி வேண்டாம். ஏன் அழுதோமென்று சொல்ல மொழி வேண்டும்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைப் பள்ளியிற் காட்டுங்கள். தமிழ் மாணவர், சிங்கள மாணவர் எல்லோரையும் சேர்த்து உட்காரவையுங்கள். சிரிப்பை அவன் பார்த்துக்கொள்வான். படம் முடிந்தபின், கண்ட கதையை வீட்டிலுள்ள முதியவர்க்கு அவர் மொழியிலேயே சொல்லி வருமாறு பணியுங்கள். தட்டுத் தடுமாறிச் சொல்லட்டும், தவறாகச் சொல்லட்டும். பேசாத படமொன்று நம் பிள்ளைகளைப் பேசவைக்குமாயின், அதற்கு அதனினும் பெரிய ஆயுள் வேறில்லை.