இரு கைகள், ஒரே பார்வை

சார்லஸ் டிக்கன்ஸும் வில்கி காலின்ஸும் இணைந்து 1857 கிறிஸ்துமஸ் இதழுக்கு எழுதிய ‘சில ஆங்கிலேயக் கைதிகளின் இடர்கள்’ என்னும் சாகசக் கதையை மாயாபந்தரில் இருந்து வாசிக்கையில் ஏமாற்றமே எஞ்சுகிறது. அவ்வாண்டின் இந்தியக் கிளர்ச்சியே அதன் தூண்டுதல். கதைக்களமோ மத்திய அமெரிக்கத் தீவு. கொள்ளையர், வெள்ளிச் சுரங்கம், துரோகம் செய்யும் உள்ளூர்க்காரன் எல்லாம் உண்டு. கிளர்ச்சியின் காரணம் மட்டும் இல்லை. மூன்றே மாதத்தில், 1858 மார்ச்சில், கிளர்ச்சிக் கைதிகள் அந்தமானில் இறக்கப்பட்டனர்.

காலின்ஸின் நடு அத்தியாயத்தில் சினம் தணிந்து நகைச்சுவை தலைகாட்டுகிறது. அந்த நடை முரணைப் பொறுத்துக்கொள்ளலாம்; டிக்கன்ஸின் பார்வையை அவர் கேள்வி கேட்காததைப் பொறுக்க இயலவில்லை. 1868இல் தனித்து எழுதிய ‘மூன்ஸ்டோன்’ நாவலில் இந்தியரின் இழப்பைப் பரிவோடு நோக்கியவரும் அவரே. கூட்டெழுத்தை மதிப்பிடுவோர் நடையின் ஒட்டுத்தையலைத் தேடுவதோடு, யார் எதைப் பேசாது விட்டார் என்றும் கேட்க வேண்டும்.