பிள்ளைக்கு முதல் கார் வாங்குறீங்களா? விலையை விட இது முக்கியம்!

18 வயசு ஆச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. "கத்துக்கிற பிள்ளைக்குப் பழைய வண்டி போதும், இடிச்சாலும் நஷ்டமில்ல" என்பதுதான் பல வீடுகளில் பேச்சு. ஆனால் அனுபவம் இல்லாத கைக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை.

செகண்ட் ஹேண்ட் கார் என்றால் முதலில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்க. இந்தியாவில் எல்லா புது கார்களுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். அதற்கு முந்தைய கார்களில், குறிப்பாக விலை குறைந்த வேரியண்ட்டில், இவை இல்லாமல் இருக்கலாம்.

அடுத்து, பாரத் என்கேப் ஸ்டார் ரேட்டிங். 2023 அக்டோபரில்தான் இது தொடங்கியது. புது மாடல் வாங்கிய ஸ்டாரை, அதே பெயரில் உள்ள பழைய காருக்கும் சேர்த்துச் சொன்னால் நம்பாதீங்க. பட்ஜெட் இடித்தால் சன்ரூஃப், பெரிய ஸ்கிரீனை விடுங்க, ஏர்பேக்கை விடாதீங்க.