சற்றே நிமிர்ந்து பார்ப்போம்

மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கிய நம்மவர் பலருக்கும் மும்பை காட்டிய முதல் முகம் வி.டி. ஸ்டேஷன்தான். 1996-இல் பெயர் மாறி, 2017 முதல் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஆகிவிட்டாலும், பழைய ஆட்களுக்கு அது வி.டி.தான். தினமும் அதன் வழியே ஓடுகிறோம். அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

ஃப்ரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இக்கட்டடத்தின் வேலை 1878-இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் நடந்தது. எண்கோணக் குவிமாடம், அதன் உச்சியில் தீப்பந்தமும் சக்கரமும் ஏந்திய 'முன்னேற்றம்' என்னும் பெண் சிலை, வாயில் தூண்களில் சிங்கமும் புலியும். சிற்ப வேலைகளில் பம்பாய் கலைப்பள்ளி மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வெறும் அழகுக்கு என்று நாம் நினைப்பவை பலவும் வேலை செய்ய வைத்தவை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் விலங்கு முகங்கள், மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்வதற்கானவை. நம் கோயில் கோமுகமும் நீரை அப்படித்தானே வெளியேற்றுகிறது? ஆழமான வளைவுத் தாழ்வாரங்கள் வெயிலையும் சாரலையும் தடுக்கின்றன.

இதையெல்லாம் அறியாமல் ரிப்பேர் செய்தால் என்ன ஆகும்? என் தவறையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒழுகிய ஒரு பழைய கல் கட்டடத்தின் இணைப்புகளில் சிமெண்ட் பூசச் சொன்னேன். 'சுண்ணாம்புச் சாந்துதான் சரி' என்றார் வயதான மேஸ்திரி. நான் கேட்கவில்லை. சில மழைக்காலம் கழித்துப் பார்த்தால் பூச்சு அப்படியே இருந்தது. கல்தான் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும், ஈரமும் உப்பும் கல் வழியே வெளியேறி அதை அரிக்கும். டிப்ளமா படிப்பு சொல்லித் தராததை அந்த மேஸ்திரி அறிந்திருந்தார்.

ஆகவே, பழைய கல் கட்டடத்தைத் தொடுமுன் அது எந்தச் சாந்தில் கட்டியது என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவும் நாளும் கூடும்தான். உதிர்ந்த கல்லை எந்தக் காண்ட்ராக்டராலும் திரும்ப ஒட்ட முடியாது.

அடுத்த ஞாயிறு குழந்தைகளை அழைத்துச் சென்று வி.டி. எதிரில் பத்து நிமிடம் நில்லுங்கள். விலங்கு முகங்களை எண்ணச் சொல்லுங்கள். பார்த்துப் பழகியவர்களே பாதுகாப்பார்கள்.