ரேடியேட்டர் மாற்றும்போது எண்ணெய்க் குழாயையும் பாருங்கள்

கார் ரேடியேட்டர் ஒழுகினால் நம் வீடுகளில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியே இருக்கும். ஆட்டோ கியர் கார்கள் பலவற்றில் அதே ரேடியேட்டருக்குள் கியர் எண்ணெயும் ஓடுகிறது. இரண்டு மெல்லிய குழாய்களில் ஒன்று சூடான எண்ணெயைக் கொண்டுவரும். மற்றது ஆறிய எண்ணெயைத் திரும்பக் கொண்டுபோகும். ரேடியேட்டரைக் கழற்றும்போது இந்தக் குழாய்களையும் கழற்றத்தான் வேண்டும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் செர்டாங் பாரு என்ற புதுக்கிராமமாக உருவான ஊர். இன்று இங்கே பட்டறைகளுக்குக் குறைவில்லை. பாலாக்கோங் தொழிற்சாலைகளுக்குப் போய்வரப் பழைய ஆட்டோ கார் வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் அப்படித்தான் வாங்கினான். ரேடியேட்டர் மாற்ற ஒரு பட்டறைக்குப் போனான். துருப்பிடித்த நட்டை ஒரே ஸ்பேனரால் திருக, நட்டோடு குழாயும் ஈரத்துணி போல முறுக்கிக்கொண்டது. முறுக்கிய இடத்தை அறுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைச் செருகி, கிளிப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சில நாளில் எண்ணெய் வடிந்து, சாலை நடுவில் கியர் போட்டும் வண்டி நகரவில்லை. பல மாத ஓவர்டைம் பணம் கியர்பாக்ஸுக்குப் போயிற்று. வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான்.

ஆகவே, வாசகர்களே, பட்டறையில் நாற்காலி தேடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். துருவுக்கு எண்ணெய் தெளித்து ஊறவிட்டார்களா? ரேடியேட்டர் பக்கத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் குழாய் நட்டைத் திருகுகிறார்களா? இரண்டு ஸ்பேனர் இல்லாமல் தொடக்கூடாது. குழாய் கெட்டே போனால், குழாய் வெட்டும் கருவியால் வெட்டச் சொல்லுங்கள். ரம்பத்தால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே போய்விடும். பிறகு புது நட்டுப் போட்டு, முனையை விரித்துப் பொருத்த வேண்டும். ரப்பர் குழாய்தான் என்றால், கியர் எண்ணெய்க்கென்றே செய்த குழாயாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் சூடான எண்ணெயில் ஊறி, உப்பிக் கெட்டுவிடும்.

புது ரேடியேட்டரில் நட்டை முதலில் கையாலேயே சில சுற்றுத் திருக வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் புது ரேடியேட்டரும் வீண். முனை விரித்த குழாய்க்கு வெள்ளை டேப் வேண்டாம். அங்கே ஒழுக்கை அடைப்பது மரையல்ல, இரண்டு உலோக முகங்களின் இறுக்கம். டேப்பின் நூல் கியர்பாக்ஸுக்குள் போனால் யார் எடுப்பது?

எஞ்சினை ஓடவிட்டு, காய்ந்த காகிதத்தால் இணைப்புகளைத் துடைத்துப் பாருங்கள். குறைந்த எண்ணெயை, காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன வகையில் மட்டுமே ஊற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய ரேடியேட்டருக்குள் எண்ணெய்ப் பகுதி ஓட்டையானால், தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் பண்டோங் தண்ணீரைப் போல வெளிறிய ரோஜா நிறத்தில் தெரிந்தால், ரேடியேட்டரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டி வராதீர்கள். கியர்பாக்ஸைக் கழுவி, எண்ணெயை முழுதும் மாற்றும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும்.