செக்கடியை விட்டு நகர முடியவில்லையா?

கேள்வி: ''எனக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. காய்க்கு விலை கிடைக்காத வருஷத்தில் மரச்செக்கு போட்டேன். இப்போது தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் ஆட்டி, செம்பட்டி, சின்னாளப்பட்டி, திண்டுக்கல் வரை கொடுக்கிறோம். நாலு பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் கொப்பரை வாங்குவது முதல் லேபிள் ஒட்டுவது வரை நானே நிற்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் செய்தால் திருப்தி வருவதில்லை. பிரித்து மறுபடியும் நானே செய்கிறேன். போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் செக்கை நிறுத்திவிட்டுத்தான் போனேன். தோப்பில் வெள்ளை ஈ ஏறிக் கிடக்கிறது, பார்க்க நேரமில்லை. உதவிக்கு வந்த அக்கா மகன், 'மாமா, எனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்டுவிட்டுத் திருப்பூர் போகப்போவதாகச் சொல்கிறான். தரமும் கெடாமல், வேலையையும் பிரித்துக் கொடுப்பது எப்படி?''

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சித்தையன்கோட்டை.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் 'நானே' வருகிறது. தொழில் தொடங்கிய முதல் வருஷத்தில் அந்த 'நானே'தான் உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கும். இப்போது அதுவேதான் உங்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. நல்ல எண்ணெய்க்கு என்ன அடையாளம் என்பது உங்கள் கண்ணிலும் மூக்கிலும் விரலிலும் மட்டும் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, மற்றவர்களும் பார்க்கிற அளவாக வைக்காதவரை, யார் செய்தாலும் உங்களுக்குத் திருப்தி வராது. குறை அக்கா மகனின் கையில் இல்லை.

ஒப்படைப்பது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். பயிருக்கு உயிரே தண்ணீர்தான். அப்படியிருந்தும் ராத்திரி பூராவும் ஒவ்வொரு சம்சாரியும் மடையில் போய் உட்காரவில்லை. யாருக்கு எத்தனை நேரம் என்று முறை வைத்தார்கள். முறை தவறினால் யார் கேட்பது என்பதும் முடிவாகி இருந்தது. நம்பி விட்டார்கள் என்றால், அளவு வைத்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

மதுரையிலிருந்து இன்னொரு உதாரணம் சொல்கிறேன். டாக்டர் கோ.வெங்கடசாமி அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. அவரும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களை வைத்தே கண் அறுவைச் சிகிச்சை பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தவர். அவரைவிட 'நானே செய்கிறேன்' என்று சொல்லத் தகுதியானவர் யார்?

ஆனால், அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நோயாளி உள்ளே வந்ததில் இருந்து கட்டுப் போட்டு வெளியே போகிறவரை நடக்கிற வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார் செய்வது போன்ற வேலைகளுக்கு, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். அறுவை அரங்கில் ஒரு மேஜையில் டாக்டர் வேலையை முடிக்கும்போது, பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் செய்தே தீர வேண்டிய வேலை மட்டும் டாக்டர் கையில். மற்றதெல்லாம் பழகியவர்கள் கையில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் தரத்தைத் தளர்த்தவில்லை. சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று எண்ணிப் பதிவு செய்கிறார்கள். டாக்டர் எல்லா இடத்திலும் நிற்கவில்லை. அவருக்குப் பதில் அந்தப் பதிவேடு நிற்கிறது. உங்கள் செக்கடிக்கும் அதுதான் வழி.

முதலில் வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். தவறினால் சாப்பிடுகிறவருக்குக் கெடுதல், உங்கள் பெயரும் போய்விடும் என்பவை ஒரு பக்கம். தவறினால் கொஞ்சம் பணம் நட்டம், ஆனால் சரிசெய்துவிடலாம் என்பவை இன்னொரு பக்கம். தவறினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பவை மூன்றாம் பக்கம்.

மூன்றாம் பக்கத்தில்தான் அதிக வரிகள் இருக்கும். லேபிள் ஒரு நூல் சாய்ந்திருப்பது, பாட்டிலை அடுக்கும் வரிசை, ரசீது எழுதும் விதம். இதையெல்லாம் நாளைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். உங்கள் மாதிரி இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாம் பக்கத்தில் ஆட்டுவது, தெளிய வைப்பது, பாட்டிலில் பிடிப்பது வரும். இதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் போட்ட கொப்பரை எத்தனை கிலோ, வந்த எண்ணெய் எத்தனை, பிண்ணாக்கு எத்தனை, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று எழுதட்டும். முதல் பத்துத் தடவை நீங்கள் பக்கத்தில் இருங்கள். உங்கள் செக்கில், உங்கள் சரக்கில் எது வழக்கமான அளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு, ''இந்த அளவுக்குக் குறைந்தால் மட்டும் எனக்குப் போன் போடு'' என்று சொல்லிவிட்டு நகருங்கள். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி எவ்வளவு, எப்போது போடுவது என்பதையும் 'ஒரு கை' என்று சொல்லாமல் எடை போட்டு எழுதுங்கள்.

'கைப்பக்குவத்தை எப்படி எழுதுவது?' என்று கேட்பீர்கள். திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஒரு பிரியாணிக் கடைதான் இன்று தலப்பாக்கட்டி என்று பல ஊர்களில் கிளை வைத்திருக்கிறது. ஒருவர் கை அத்தனை அடுப்பிலும் இருக்க முடியாது. பக்குவம் அளவாக மாறினால்தான் கடை ஊர் தாண்டும்.

முதல் பக்கத்தில் இரண்டு மூன்று வேலைகள்தான் தேறும். சரக்கு வாங்கும்போது பார்ப்பது அதில் முக்கியம். பூஞ்சணம் பிடித்த கடலைப் பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். செக்கு எண்ணெயை நாம் சுத்திகரிப்பதில்லை என்பதால், அது எண்ணெயிலும் தங்கிவிடும். இங்கே மட்டும் கறாராகவே இருங்கள். கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். நன்றாகக் காய்ந்தது, காயாதது, பூஞ்சணம் பிடித்தது என்று மூன்று கண்ணாடி ஜாடியில் மாதிரி எடுத்து வைத்தால், யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தேகம் என்றால் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். சரக்கு வாங்குவதில் உங்களோடு ஆறு மாதம் நின்ற பிறகு இதையும் அக்கா மகன் பழகிவிடுவார். ஆனால், உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறவரை பொறுப்பு உங்களுடையது. வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது.

இப்போது அக்கா மகன் விஷயம். அவர் செய்ததை அவர் கண்ணெதிரே பிரித்து நீங்கள் மறுபடி செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். அப்படி ஒவ்வொரு தடவை செய்யும்போதும், 'உன் வேலை வேலையே இல்லை' என்று சொல்வதாகத்தான் அர்த்தம். நாலு பேர் முன்னால் அது இன்னும் உறைக்கும். குறை இருந்தால் எந்த அளவு தவறியது என்று நோட்டைக் காட்டுங்கள். சரிசெய்வதை அவரே செய்யட்டும். அடுத்து, ஒரு தொகை முடிவு செய்யுங்கள். இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வருகிற செலவையும் நட்டத்தையும் உங்களைக் கேட்காமல் அவரே முடிவு செய்யலாம். கற்றுக்கொள்ள ஆகும் கூலி அது. சம்பளமா, லாபத்தில் பங்கா என்பதையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். 'எனக்கு இங்கே என்ன வேலை?' என்ற கேள்விக்குள் அதுவும் இருக்கிறது.

கடைசியாக, தோப்பு. வாரத்தில் ஒரு அரைநாள் செக்கடிப் பக்கமே போகாமல் தோப்பில் இருங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஆமணக்கு எண்ணெய் தடவிக் கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். ஓலையில் கரும்பூசணம் படிந்திருந்தால் மைதாப் பசையைக் கரைத்துத் தெளியுங்கள்; காய்ந்து உரிந்து விழும். ரசாயன மருந்து அடித்தால் வெள்ளை ஈயை ஒழிக்கிற என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துவிடும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

முதல் வாரம் கால் செக்கடிக்குத்தான் இழுக்கும். இரண்டு தடவை போன் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். சாயங்காலம் போய் நோட்டைப் பாருங்கள். அளவுக்குள் இருந்தால் 'நல்லா வந்திருக்கு' என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த கல்யாணத்துக்குச் செக்கை நிறுத்தாமலே போய் வந்துவிடலாம்.